நீலத்துணி கட்டிய சுரைப்பந்தல்

புளியந்தோப்பு,
வாரியக் குடியிருப்பு, மேல்மாடி.
ஆவணி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி மனோகரன் அவர்களுக்கு, பீம்ராவ் எழுதிக்கொள்வது. உங்களுக்கு என் ஜெய்பீம். சம்பந்தியம்மா மங்கை அவர்களுக்கு எங்கள் இருவரின் வணக்கம். இங்கே நானும் மாயாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். கோபம் வேறு, அது வேறு.

"செடி இன்னா ஓடியா பூடும் வாத்தியாரே, வலை போட்டுப் புடிக்கறதுக்கு?"

போன மாசியில் முகத்துவாரக்குப்பத்தில் உங்கள் வீட்டு வாசலில் நின்று, சுரைக்கொடி படர ஒரு பழைய வலை கிடைக்குமா என்று நான் கேட்டபோது நீங்கள் என்னைக் கேட்ட கேள்வி இது. பக்கத்தில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மாநகராட்சிப் பள்ளியில் காலமெல்லாம் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஒருவர் கேள்வி கேட்டால் சிரித்துவிட்டு மறக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். ஓடாது, சம்பந்தி. செடி எங்கேயும் ஓடாது. வைத்த இடத்தில், வைத்தபடியே நிற்கும். நீங்கள்தான் அதைப் பந்தலிலிருந்து அவிழ்த்துத் தரையில் படுக்கப் போட்டீர்கள்.

போனில் பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். உங்களோடு போனில் நியாயம் பேச முடியாது. நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் "ஆங், சொல்லு வாத்தியாரே, ஆங்" என்று பத்து முறை சொல்வீர்கள். நடுவில் லாஞ்சுப் படகின் என்ஜின் உறுமும். யாரோ "மாமு, கயித்த இழு" என்று கத்துவார்கள். கடைசியில் சிக்னல் போய்விடும். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. தவிர, நம் மகள் கார்குழலி போட்டிருக்கிற தடை உங்களுக்கும் தெரிந்ததுதான். "ரெண்டு தாத்தாவும் பேசிக்கிற வரைக்கும் சினேகாவ ரெண்டு வூட்டுக்கும் கூட்டிகினு வரமாட்டேன்" என்று தண்டையார்பேட்டை வீட்டில் உட்கார்ந்துகொண்டு உத்தரவு போட்டுவிட்டாள். மருமகன் ரவிக்குமாரிடம் சொல்லிப் பார்த்தேன். உங்கள் பிள்ளை என்ன சொன்னான் தெரியுமா? "நான் எதுல தலையிட்டாலும் எனக்கும் தடை வந்துடும் மாமா" என்றான். அரசாங்கம் மீன்பிடிக்கப் போடும் தடைக்காலத்துக்காவது முடிவுத் தேதி உண்டு. இவள் போட்டதற்கு அதுவும் இல்லை. மூன்று வயதுப் பேத்தியைப் பார்க்காமல் நான் இருப்பதும் நீங்கள் இருப்பதும் யாரால் என்பதை இப்போது வரிசையாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். விடைத்தாள் திருத்தும்போதும் நான் முதலில் சரியான பதிலுக்குத்தான் மதிப்பெண் போடுவேன். அண்ணல் பிறந்தநாளான ஏப்ரல் பதினாலுக்கு நீங்கள் இருவரும் வந்தீர்கள். எங்கள் தெரு முழுக்க நீலக்கொடி. நீங்களே ஏணியில் ஏறித் தோரணம் கட்டினீர்கள். நீங்கள் போட்ட முடிச்சு கடைசி வரைக்கும் அவிழவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் தடைக்காலம் தொடங்கியது. உங்கள் லாஞ்சு காசிமேட்டில் கட்டிக் கிடக்க, "ரெண்டு நாள் இருந்துட்டுப் போறோம்" என்றீர்கள். அந்த ரெண்டு நாள் அக்கினி நட்சத்திரம் வரைக்கும் நீண்டது. நான் குறை சொல்லவில்லை. சாயங்காலம் மொட்டை மாடியில் துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும்போது நீங்களும் நானும் டீ குடித்துக்கொண்டு பேசாத பேச்சில்லை. அப்போது எங்களோடு தங்கியிருந்த சினேகா உங்கள் முதுகில் ஏறிக்கொண்டு "போட்டு ஓட்டு தாத்தா" என்பாள், நீங்கள் மாடியைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவீர்கள், நான் கலங்கரை விளக்கமாக நடுவில் நிற்பேன். இத்தனை வயதில் எனக்குக் கிடைத்த நல்ல கோடை அதுதான் என்று நான் மாயாவிடம் சொன்னேன். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. ஆனால் கோபத்தையும் விடப்போவதில்லை.

இனி என் தோட்டம். மீன் வைக்கிற தெர்மகோல் ஐஸ் பெட்டிகளை நீங்கள்தான் கொண்டுவந்து தந்தீர்கள். அதில் மண்ணும் சாணமும் போட்டு நான் மிளகாய், கத்தரி, கீரை வைத்திருந்தேன். ஓரமாக இரண்டு பெட்டியில் சுரை. உங்கள் வலையை மூங்கிலில் கட்டி அதன்மேல் ஏற்றியிருந்தேன். முதல் வாரம் சம்பந்தியம்மா மீன் கழுவின தண்ணீரைக் கீழே ஊற்றப் போனார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அதக் கொட்டாதீங்கம்மா, மீன் தண்ணீர் செடிக்கு நல்லது" என்று ஒரு பாடமே நடத்திவிட்டேன். அவர்களுக்கு வாத்தியார் பேச்சு என்றால் அவ்வளவு மரியாதை. மறுவாரம் மாடியில் கருவாடு போடத் தொடங்கினார்கள். மீனை உப்பில் ஊறவைத்த தண்ணீர் ஒரு அன்னக்கூடை நிறைய மிஞ்சியது. அது மட்டும் மீன் தண்ணீர் இல்லையா? என் மிளகாய்ச் செடிகளுக்கு முழுசாக, பாசத்தோடு ஊற்றிவிட்டார்கள். காலையில் போய்ப் பார்த்தால் செடியெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி தொங்குகிறது. நான் நிதானமாகத்தான் விளக்கினேன். உதாரணத்துக்கு, மனிதனுக்குத் தண்ணீர் நல்லது, அதற்காகக் கடல் தண்ணீரைக் குடிக்க முடியுமா என்று கேட்டேன். அதற்கு நீங்கள், "கடல்லயே கீறவனுக்குக் கடல் தண்ணி பாடமா வாத்தியாரே?" என்று சொல்லி, சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனீர்கள். என் மிளகாய் செத்துக் கிடக்கிறது, நீங்கள் இருமிக்கொண்டிருக்கிறீர்கள். நான்தான் உங்கள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தேன்.

கருவாடு காயத் தொடங்கியதும் பூனைகள் வந்தன. சாதாரணப் பூனையா? ஆடு அறுக்கிற ஆட்டுத்தொட்டிப் பூனைகள். பிறந்ததிலிருந்து ஈரலும் கொழுப்பும் தின்று வளர்ந்தவை, எலியைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுகிற சாதி. அவை அத்தனையும் கறிக்கடையை விட்டுவிட்டு மாடிப்படி ஏறி எங்கள் மாடிக்கு வந்துவிட்டன. எதிர்வீட்டு வில்சன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், இதுவரை என்னிடம் குரலை உயர்த்தாதவர், கதவைத் தட்டி, "சார், மாடி ரொம்பக் கலீஜா கீது. துணி காயப் போட்டா சட்டையில வஞ்சிர வாசனை வருது. நான் மாதா கோயிலுக்குப் போறவன் சார்" என்றார். நான் தலைகுனிந்து நிற்கிறேன். பின்னாலிருந்து நீங்கள் எட்டிப் பார்த்து, "அது வஞ்சிரம் இல்ல நைனா, வாளை. ரெண்டு தரட்டுமா?" என்று கேட்டீர்கள். அவரும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார். நியாயம் கேட்க வந்த மனுஷன் கருவாட்டோடு போனார் என்றால், அன்றைக்கு எனக்கு அந்தக் கட்டடத்தில் என்ன மரியாதை மிஞ்சியிருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஏனென்றால் சுரை காய்த்திருந்தது. கொழுகொழுவென்று மூன்று காய், ஒவ்வொன்றும் சினேகா தலை அளவு, வலைக்குள்ளிருந்து தொங்கின. அவற்றை விதைக்கு விடுவது என்று முடிவு செய்தேன். நல்ல இனம், கடையில் கிடைக்காது. யாரும் கைதவறிப் பறித்துவிடக் கூடாதே என்று, ஏப்ரல் பதினாலில் மிஞ்சிய நீலத்துணியைக் கிழித்து, ஒவ்வொரு காய்க்கும் மேலே வலையில் ஒரு முடிச்சுப் போட்டு வைத்தேன். தொடாதே என்று அர்த்தம். வகுப்பில் சுவரில் ஈரச்சுண்ணாம்பு அடித்திருந்தால் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைப்போமே, அது மாதிரி. யாருக்கும் புரியும் என்று நினைத்தேன்.

நீங்கள் வந்த நாளிலிருந்தே அந்த வலையை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். டீ குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, வலையைப் பார்த்துத்தான் பேச்சு. "கிழிஞ்சி கீது வாத்தியாரே" என்பீர்கள். "செடிக்குத்தானே, இருக்கட்டும் சம்பந்தி" என்பேன். அடுத்த நாளும் "இந்தப் பக்கமும் பூட்ச்சு வாத்தியாரே" என்பீர்கள். தடைக்காலத்தில் கை சும்மா இருக்க முடியாமல் விரல்கள் தானாகவே முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும், நான் பார்த்திருக்கிறேன், என் துண்டின் நுனியெல்லாம் இப்போது முடிச்சுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் மாயாவும் தண்டையார்பேட்டைக்குப் போனோம். பந்தியில் உட்கார இடம் கிடைக்கவில்லை. உச்சி வெயிலில் ஷேர் ஆட்டோவில் நசுங்கி, பசியோடு திரும்பி வந்து படியேறினால், படிக்கட்டெல்லாம் சென்னாக்கூனி, அந்தப் பொடி இறால் வாசனை. சம்பந்தியம்மா இலை போட்டுத் தயாராக இருந்தார்கள். சுரைக்காயும் சென்னாக்கூனியும் போட்டுக் கூட்டு. சாப்பிட்டேன். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். "இந்த மாதிரி ருசி என் வாழ்நாளில் கண்டதில்லை" என்று என் வாயாலேயே சொன்னேன், சம்பந்தி, அதை நினைத்தால்தான் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. மூன்றாம் முறைக்குக் கை நீட்டிக்கொண்டே, "சுரைக்காய் எங்கே வாங்கினீங்க, இவ்வளவு பிஞ்சா?" என்று கேட்டேன். "இன்னாண்ணே, நம்ம மாடியில காச்சதுதான்" என்றார்கள்.

எச்சில் கையோடு மாடிக்கு ஓடினேன். அங்கே பந்தல் இல்லை. மூங்கில் மட்டும் நிற்கிறது. தண்ணீர்த் தொட்டி நிழலில் நீங்கள் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டிக்கொண்டு, ஊசியால் சரசரவென்று கடைசிக் கிழிசலைப் பின்னிக்கொண்டிருக்கிறீர்கள். பக்கத்தில் என் சுரைக்கொடி, நீட்டிப் படுக்கவைத்து, மேலே ஈரக்கோணி போர்த்தி, கோணிக்கு மேல் ஐஸ்! அக்கினி நட்சத்திரத்தில் ஒரு செடிக்கு ஐஸ் வைத்த மனிதரை நான் பாடப்புத்தகத்தில்கூடப் படித்ததில்லை. நீங்கள் தலை தூக்கி, முகம் மலர, "வா வாத்தியாரே! நீ வாயத் தொறந்து கேக்கவே வேணாம். துணியப் பாத்ததுமே புரிஞ்சிக்கினேன். கொடி வாடாம ஐஸ் வெச்சிக்கிறேன், காய் பாரம் தாங்காதுன்னு அறுத்துட்டேன். சாயங்காலம் ஏத்திக் குட்த்துர்றேன், புதுசாட்டம்" என்றீர்கள்.

நான் கத்தினேன். கத்தினேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. "யாரைக் கேட்டு எறக்கினீங்க?" என்றேன். "நீதானே துணி கட்டி வெச்ச" என்று என்னையே குற்றம் சொன்னீர்கள். "தொடாதேன்னு கட்டினேன்யா!" என்றேன். "தொடாததுக்கு எவனாவது துணி கட்டுவானா?" என்றீர்கள். "படிச்சவன் கட்டுவான்!" என்று நான் சொன்னது அப்போதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். "கைய வெச்சிகினு கம்முனு இருக்கத் தெரியாதா? உங்க வலைய நீங்களே சுருட்டிகினு போங்க" என்றும் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, "மங்கை, கெளம்பு" என்றீர்கள். கீழ்ப்படியில் நின்று மேலே பார்த்து, "இந்தப் படி இனிமே ஏறமாட்டேன் வாத்தியாரே" என்றீர்கள். சினேகா அழுதாள். வில்சன் கதவிடுக்கில் நின்று பார்த்தார். இத்தனை நடந்தும், நீங்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போகவில்லை. வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனீர்கள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

இப்போது நான் நிம்மதியாக இருக்கிறேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மாடியில் பூனை இல்லை. ஒரு சத்தம் இல்லை. சாயங்காலம் டீயை நான் மட்டும் குடிக்கிறேன். என் பேச்சுக்கு "ஆங், ஆங்" என்று குறுக்கே சொல்ல ஆளில்லாததால் ஒரு விஷயத்தைத் தொடங்கினால் உடனே முடிந்துவிடுகிறது. மாயாவிடம் சொன்னால், "எனக்கு வேலை கீது" என்கிறாள். துறைமுகப் பக்கம் லாஞ்சு வரிசையாகத் திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு நேரமே போதவில்லை. ஆகவே சம்பந்தி, தவறு யாருடையது என்பது மேலே சொன்னதிலிருந்து தெளிவாகியிருக்கும். நீங்கள் "ஆமாம் வாத்தியாரே, அவசரப்பட்டுட்டேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் பெருந்தன்மையாக மறந்துவிடுவேன். குழலியும் தடையை எடுத்துவிடுவாள். அதுவரை நான் இறங்கி வருவதாக இல்லை.

கடலுக்குப் போகும் நாளெல்லாம் காற்று உங்கள் பக்கம் இருக்கட்டும், வலை நிறையட்டும், போனபடியே கரை சேருங்கள். சம்பந்தியம்மாவின் முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மீது நியாயமான கோபத்துடன்,
பீம்ராவ்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் மாயாவிடம் படிக்கக் கொடுத்தேன், எழுத்துப்பிழை பார்ப்பதற்காக. அவள் பிழை பார்க்கவில்லை. படித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையில், பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி முன்னால் நிற்பது போல் நின்றேன். "ஏன்யா, கடலுக்குப் போறவங்க வலையில துணி கட்னா இன்னா அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "வலைய இழுக்கும்போது எங்க கிழிஞ்சி கீதோ அங்க ஒரு துணிய முடிஞ்சி வுடுவாங்களாம். கரைக்கு வந்ததும் துணியத் தேடித் தேடித் தைப்பாங்களாம். கருவாடு போடும்போதே மங்கை சொன்னாங்க. அப்பால போன்லயும் சொன்னாங்க, உன் சம்பந்தி அன்னிக்கிக் காத்தால துணியப் பாத்துட்டு, 'வாத்தியாரு வெக்கப்பட்டுகினு நம்ம பாஷையில கேட்டுக்கிறாரு மங்கை' ன்னு சொல்லி அவ்ளோ சந்தோசப்பட்டாராம். காசு குட்த்து ஐஸ் வாங்கியாந்தாராம்" என்றாள். நீ ஏன் இதை இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ எங்க யாரப் பேச வுட்ட?" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் மிளகாய்ச் செடியும் பூனையும் தவிர மற்றதை அடித்துவிட்டுப் படிக்கவும். மிளகாய்க்கும் காரணம் நான் நடத்திய பாடம்தான். பூனைகளைப் பற்றி வில்சனே இப்போது, "சம்பந்தி எப்போ வர்றாரு சார், வாளை தீந்துபூட்ச்சு" என்று கேட்கிறார்.

இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். கொடி சாகவில்லை. உங்கள் ஐஸ் உருகி அடிப்பெட்டியெல்லாம் ஊறியிருந்தது. அடுத்த வாரமே வேர்ப்பக்கம் துளிர்த்துவிட்டது. வலையை நான்தான் மறுபடி கட்டினேன். ஆனியில் அடித்த மழைக்காற்றில் வில்சன் வீட்டு ஜன்னல் தகரமே பறந்து அடுத்த கட்டடத்துக்குப் போனது. உங்கள் வலை அசையவில்லை. அதில் புதிதாகக் காய்த்ததில் ஒன்று நன்றாக முற்றிக் காய்ந்துவிட்டது, குலுக்கினால் உள்ளே விதை சலசலக்கிறது. அதைச் சினேகாவுக்கு என்று வைத்திருக்கிறேன். நாம் இருவரும் சேர்ந்துதான் கொடுக்க வேண்டும். தனியாகக் கொண்டுபோனால் குழலி கதவு திறக்கமாட்டாள்.

உங்கள் வலை ஊசி இங்கேதான் இருக்கிறது. பந்தலின் வடக்கு மூலையில் ஒரு கிழிசல் இருக்கிறது. அங்கே நீலத்துணி கட்டி வைத்திருக்கிறேன், இந்த முறை சரியான அர்த்தத்தில். கிழிசல் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நீங்கள் தைத்த வலை எங்கே தேடியும் ஒரு கண்ணிகூட விட்டுப்போயிருக்கவில்லை, கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து, கொடியைக் கீழே இறக்காமல் அந்தக் கிழிசலைத் தைத்துப் பாருங்கள்.